இடுப்பு பலகையில் முட்டுகிறதா? கேரவன் மெத்தை பற்றிக் கேள்வி - பதில்

வேனையும் டெம்போ டிராவலரையும் படுக்கையோடு மாற்றிக்கட்டி, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வாசகர்கள் மெத்தை பற்றி அனுப்பிய கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். வீட்டுக் கட்டிலுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி வண்டிக்குள் எடுபடாது. வருஷத்தில் இரண்டு மழைக்காலமும், கரையோரம் முழுக்க உப்புக்காற்றும் உள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மெத்தை வாங்கும்போது அதன் அடியில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். படகில் படுக்கிற வாசகர் ஒருவரும் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வியும் இதே விஷயம்தான்.

கேள்வி: எங்கள் டெம்போ டிராவலரின் பின்பக்கம் 72 அங்குல நீளம், 48 அங்குல அகலத்தில் பிளைவுட் கட்டில். வண்டியைக் கட்டித் தந்தவர்களே 4 அங்குல மெத்தையும் போட்டுத் தந்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு பலகையில் முட்டுகிறது. நான் 88 கிலோ, மனைவி 60 கிலோ. கடையில் "8 இஞ்ச் எடுங்க, சொகுசா இருக்கும்" என்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். உங்கள் மெத்தை ஆறே மாதத்தில் அமுங்கியதற்கு ஃபோமின் அடர்த்திக் குறைவுதான் காரணமாக இருக்கும். அதே சரக்கில் 8 அங்குலம் எடுத்தாலும் அடுத்த வருஷம் குழி விழும். நடுவில் ஜன்னல் பாதி மறையும், உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும்.

முதலில் பழைய மெத்தையைச் சோதியுங்கள். உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்துத் தரையில் போடுங்கள். ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நூலை இழுத்துப் பிடித்து, இடுப்பு வரும் இடத்தில் நூலுக்கும் ஃபோமுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். அரை அங்குலம் என்றால் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஒரு அங்குலம் தாண்டினால் அதன் வேலை முடிந்தது. குழி விழுந்த இடத்தை விரலால் தேய்த்தால் மஞ்சள் தூளாக உதிர்ந்தாலும் அப்படியே.

அடுத்து பலகை. மெத்தை இல்லாமல் பலகை மேல் உட்கார்ந்து பாருங்கள். 12 மி.மீ. பிளைவுட்டை அடியில் தாங்கு கட்டை இல்லாமல் 2 அடிக்கு மேல் விட்டிருந்தால் அதுவே வளையும். வளைகிற பலகை மேல் எந்த மெத்தை போட்டாலும் நடுப்பள்ளம்தான். குறுக்கே ஒரு கட்டை அடித்துவிட்டு மெத்தைக்கு வாருங்கள்.

கடைக்காரர்கள் சொல்லும் "டென்சிட்டி" என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 32 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 32 கிலோ. அது மெத்தை மென்மையா கெட்டியா என்பதைச் சொல்லாது. எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்லும். 40 டென்சிட்டியிலேயே மெத்தென்றும் உண்டு, கெட்டியாகவும் உண்டு. உங்கள் எடைக்கு 40-க்குக் குறைந்து எடுக்காதீர்கள். எச்.ஆர். ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள். அமுக்கினால் சட்டென்று எழும் ரகம் அது.

சொன்ன டென்சிட்டிதானா என்பதைத் தராசே சொல்லிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் இருக்க வேண்டிய கிலோ. 72×36×4 அங்குல ஷீட் ஒன்று 40 டென்சிட்டி என்றால் சுமார் 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 5.4, 28 என்றால் 4.8, 23 என்றால் 3.9. உறை இல்லாமல் தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றிய ஃபோமும் சந்தையில் உண்டு. ஓரத்தைக் கிள்ளித் தேய்த்தால் வெள்ளைப் பொடி வந்தாலோ, பிய்த்தால் ரொட்டி போலப் பிய்ந்தாலோ எடை சரியாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு 6 அங்குலம் போதும். கீழே 4 அங்குலம் 40 டென்சிட்டி எச்.ஆர்., மேலே 2 அங்குலம் மெத்தென்ற அடுக்கு. மேலடுக்குக்கு லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த ஃபோம், நல்லது. இல்லையென்றால் அதே 40 டென்சிட்டியில் மெத்தென்ற ரகம். உங்களுக்கும் மனைவிக்கும் 28 கிலோ வித்தியாசம் இருக்கிறது. ஒரே துண்டில் படுத்தால் அவர் உங்கள் பக்கம் சரிவார். அதனால் கீழ் அடுக்கை நீளவாக்கில் 24 அங்குல அகலத்தில் இரண்டு துண்டாக எடுங்கள். உங்கள் பக்கம் கெட்டி, அவர் பக்கம் மீடியம். மேல் அடுக்கு மட்டும் ஒரே துண்டாக இருந்தால் நடு இணைப்பு முதுகில் உறுத்தாது. அடுக்குகளை ஒட்ட வேண்டியதில்லை, உறையே பிடித்துக்கொள்ளும். பிறகு மேலடுக்கு மட்டும் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

கீழ் அடுக்கு சுமார் 9 கிலோ, லேடெக்ஸ் மேலடுக்கு இன்னொரு 9 கிலோ, மொத்தம் 18 வரும். உங்கள் பழைய மெத்தை 6 கிலோவுக்குள்தான் இருந்திருக்கும். கட்டில் பலகையைத் தூக்கினால் அடியில் சாமான் வைக்கும் அமைப்பாக இருந்து, அதைத் தூக்கி நிறுத்த கேஸ் ஸ்பிரிங் போட்டிருந்தால் இதைக் கவனியுங்கள். பழைய எடைக்குப் பொருத்திய ஸ்பிரிங் புது எடையைத் தாங்காமல், கை உள்ளே இருக்கும்போது பலகை விழும். ஸ்பிரிங்கின் உடலில் அதன் பலம் நியூட்டனில் அச்சிட்டிருக்கும். கூடுகிற எடையைச் சொல்லி அடுத்த பலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். 10 நியூட்டன் ஏறத்தாழ 1 கிலோ விசைக்குச் சமம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. வீட்டுப் போர்வைகளைப் பலகை மேல் 6 அங்குல உயரத்துக்கு மடித்துப் போட்டு, மேலே உட்காருங்கள். தலைக்கு மேல் நாலு விரல் இடம் இருக்கிறதா? மேல் அலமாரியின் கதவு திறக்கிறதா? ஜன்னல் கொக்கிக்குக் கை எட்டுகிறதா? எட்டவில்லையென்றால் 5 அங்குலத்தோடு நிறுத்துங்கள். கடையில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் தூங்குகிற வாக்கிலேயே ஒரு கால் மணி நேரம் படுங்கள். மல்லாந்து படுத்தபடி இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி. நுழையவே மாட்டேன் என்றால் அதிக மென்மை. உரசிக்கொண்டு போனால் சரி.

கேள்வி: வண்டி குளச்சலில் வீட்டு வாசலில்தான் நிற்கும். மாதம் ஒருமுறை எடுப்போம். போன வாரம் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, ஒரே பூசண வாடை. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது? மெத்தையைக் காப்பாற்ற முடியுமா?
- வாசகி, குளச்சல்

பதில்: தண்ணீர் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வந்தது. கதவடைத்த வண்டியில் இரண்டு பேர் இரவு முழுக்கப் படுத்தால் உடலிலிருந்து போகும் ஈரத்தில் ஒரு பங்கு மெத்தை வழியாகக் கீழே இறங்குகிறது. வீட்டுக் கட்டிலில் அடியில் காற்று இருக்கும், ஈரம் போய்விடும். வண்டியில் மெத்தை ஓட்டையில்லாத பிளைவுட் மேல் ஒட்டிக் கிடக்கிறது. ஈரம் அங்கேயே தங்கும். மலைக்குப் போன இரவுகளில் இன்னும் மோசம்: பலகை குளிர்ந்து கிடக்கும், உள்ளிருக்கும் சூடான ஈரக்காற்று அதில் பட்டுப் பனித்துளியாகிவிடும். நம் ஊரில் ஏ.சி. போட்டுப் படுத்தாலும் இதற்குத் தலைகீழான வழியில் அதே வினை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள வெளிக்காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்த எதில் பட்டாலும் வியர்க்கும். அடி டிக்கியின் வழியே உள்ளே வரும் கடற்காற்று, ஏ.சி.யில் குளிர்ந்த பலகையின் அடியில் நீர் கோத்துவிடும். அதன்பின் வண்டியைப் பூட்டி ஒரு மாதம் நிறுத்துகிறீர்கள். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

உப்பையும் மறக்கக் கூடாது. கடற்காற்றில் உப்பு ஏறிய துணி, காற்றிலிருந்து தானாக ஈரத்தை இழுக்கும். வெயிலில் காய்ந்ததுபோல் இருக்கும், சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கும். அந்த உறையை எவ்வளவு காய வைத்தாலும் பயனில்லை. நல்ல தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகு காய வைக்க வேண்டும்.

மெத்தையைக் காப்பாற்ற முடியுமா என்பது புள்ளி எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வண்டிக்கு வெளியே வைத்து உறையைக் கழற்றுங்கள். உறையில் மட்டும் இருந்தால் துவைத்து வெயிலில் போட்டால் போதும். ஃபோமுக்குள் கறை இறங்கியிருந்தால் தூக்கிப்போடுங்கள். ஃபோமுக்குள் போன பூசணத்தை எந்த மருந்தாலும் முழுக்க எடுக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அதில் படுக்கவே கூடாது. பலகையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காய வைத்து, தண்ணீர் கலக்காத வெள்ளை வினிகரைத் தடவி ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். வினிகர் தடவிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய வண்டிக்குள் அது ஆபத்து.

இனி வராமல் இருக்கப் பலகைக்கு மூச்சுவிட வழி செய்ய வேண்டும். தச்சரிடம் வட்டத் துளை போடும் ஹோல்சா பிட் இருக்கும். 40 மி.மீ. பிட்டால், 6 அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போடச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்தும் அடிக்கட்டைகளிலிருந்தும் 3 அங்குலம் தள்ளியே துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை பலம் இழக்கும். 75×60 அங்குலப் பலகையில் நூறு, நூற்றிருபது துளை வரும். பலகைப் பரப்பில் அது 5 சதவீதம்தான், அதனால் பலகை ஆடாது. துளையின் மேல் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, உள்சுவரில் இரண்டு கோட் வார்னிஷ் கட்டாயம் அடிக்க வேண்டும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டுவாய் வழியாகத்தான். பலரும் துளையோடு நிறுத்திவிட்டு, ஒரு வருஷத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பலகை உப்பிக்கொண்டு வந்ததும் மறுபடி தச்சரைத் தேடுகிறார்கள்.

பலகையையே மாற்றுவதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் எடுங்கள். அதைவிட, அயினிப் பலகையில் சட்டம் அடிப்பது நம் ஊருக்கு எளிது. படகு கட்டும் மரம், ஈரத்துக்கு அஞ்சாது. இரண்டரை அங்குல அகலம், 20 மி.மீ. தடிமன். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோம் இடுக்கில் இறங்கி, அடிப்பக்கம் வரிவரியாக அமுங்கிப்போகும்.

சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஏதாவது விரிக்க நினைத்தால், முறுக்கு முறுக்காகப் பின்னிய பிளாஸ்டிக் இழை விரிப்போ, 3டி மெஷ் என்று விற்கும் ஸ்பேசர் துணியோ வாங்குங்கள். 1 செ.மீ. உயரம் போதும். தும்புப் பாய் விரிக்கலாமா என்று இந்தப் பக்கத்தில் பலரும் கேட்பார்கள். தும்பு சீக்கிரம் மக்காது, உண்மைதான். ஆனால் குடித்த ஈரத்தை அது லேசில் விடாது. வண்டிக்குள் வேண்டாம். பாலித்தீன் ஷீட் விரிப்பதும் கூடாது. ஈரத்தை மெத்தைக்குள்ளேயே பூட்டி வைக்கிற வேலை அது.

பயணம் முடிந்து வந்ததும் மெத்தையை எடுத்து ஒரு சுவரில் சாய்த்து, நிழலில், காற்றோட்டத்தில் ஒரு பகல் நிறுத்துங்கள். வண்டி நிற்கும் நாட்களில் கட்டிலில் படுக்கைவாட்டில் போடாமல் குறுக்காகச் சாய்த்து வையுங்கள். இரண்டு ஜன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மெத்தையை வீட்டுக்குள்ளேயே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்களுக்கு ரப்பர் தோட்டம் உண்டு. லேடெக்ஸ் மெத்தை போட ஆசை. எங்கள் பாலையோ சீட்டையோ கொடுத்து மெத்தை செய்துகொள்ள முடியுமா? வண்டிக்கு அது நல்லதா?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஆசை நியாயமானது, சீட்டில் மட்டும் முடியாது. ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துப் புகைபோட்ட சீட்டைத் திரும்பப் பாலாக்க வழியில்லை. மெத்தைக்குப் பால் பாலாகவே வேண்டும். மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆலையில் அதைக் கடைந்து 60 சதவீதமாகச் செறிவாக்குகிறார்கள். அதோடு கந்தகமும் சோப்பும் மற்ற மருந்துகளும் சேர்த்து நுரைக்க வைத்து, ஊசி ஊசியாக முள் நிற்கும் அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைத்துக் கழுவி எடுக்கிறார்கள். மெத்தையில் நீங்கள் பார்க்கும் துளைகள் அந்த முட்கள் நின்ற இடம். 1929-இல் வந்த டன்லப் முறை இதுதான், இன்றைக்கும் அதே அடிப்படைதான். வீட்டில் செய்கிற வேலையல்ல.

வண்டிக்கு லேடெக்ஸ் மிக நல்லது. குழி விழாமல் பல வருஷம் நிற்கும்; துளைகள் வழியே காற்று போகும்; குலுங்கினாலும் சத்தம் இல்லை. ஆனால் எடை. 72×48×5 அங்குலம், 80 டென்சிட்டி என்றால் 22 கிலோவைத் தாண்டும். பிடிக்க வாகில்லாமல் வழுக்கித் தொங்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் துளை வரிசையிலேயே கிழியும். அதைத் தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும், உறையோடுதான் தூக்க வேண்டும்.

ரப்பருக்குப் பகை வெயிலும் எண்ணெயும். ஜன்னல் வெயில் நேரே படும் பக்கம் ஒரு வருஷத்தில் மேல்தோல் வெடித்துப் பொடியாகும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரிக்கு மேல் ஏறும், எனவே ஜன்னலுக்கு வெள்ளித்தாள் திரை வேண்டும். எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகள் தனிக்கவனம் எடுக்க வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுத்தால் தலைமாட்டில் எண்ணெய் உறைவழியே இறங்கி, அந்த இடம் உப்பிப் பிசினாக மாறும். கெட்டியான பருத்திப் பாதுகாப்பு உறை ஒன்றை மேலே போட்டு, அதை மாதம் ஒருமுறை துவையுங்கள்.

வாங்கும்போது "லேடெக்ஸ் மெத்தையா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை அங்குலம் லேடெக்ஸ்?" என்று கேளுங்கள். 6 அங்குலத்தில் மேல் 1 அங்குலம் மட்டும் லேடெக்ஸாக இருந்தாலும் அட்டையில் பெரிய எழுத்தில் லேடெக்ஸ் என்றுதான் இருக்கும். ஜிப்பைத் திறந்து காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் உபயோகிக்காத ஸ்பிரிங் மெத்தை ஒன்று இருக்கிறது. வேனில் போடலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். வண்டி வளைவுக்கேற்ப அதை வெட்ட முடியாது. கரையோரக் காற்றில் கம்பி துருப்பிடித்து உறையில் கறை இறங்கும். குண்டும் குழியுமான சாலையில் கம்பி முடிச்சுகள் தளர்ந்து இரவெல்லாம் கிறீச்சிடும். எடையும் அதிகம்.

கேள்வி: எங்கள் கட்டில் சதுரமாக இல்லை. ஒரு மூலையில் சக்கர வளைவு மேடு, இன்னொரு மூலை வண்டியின் உடம்போடு வளைந்து போகிறது. ரெடிமேட் மெத்தை பொருந்தவில்லை. நாமே வெட்டலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஃபோமும் லேடெக்ஸும் தாராளமாக வெட்டலாம். வெட்டினால் வாரண்டி போய்விடும் என்பதை மட்டும் முதலில் மனதில் கொள்ளுங்கள். வண்டியில் போட்டாலே வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்ட அட்டைகளும் உண்டு, படித்துப் பாருங்கள். ரெடிமேட் வாங்கி வெட்டுவதைவிட, குஷன் கடையில் ஷீட்டாக வாங்கி உறை தைத்துக்கொள்வதே உங்களுக்கு மலிவு.

அளவெடுக்க டேப்பை நம்பாதீர்கள். செய்தித்தாள்களைப் பலகையில் விரித்து, டேப் ஒட்டி ஒரே தாளாக்கி, சுவர் ஓரமாக நகத்தால் அழுத்தி மடிப்புக் கோடு எடுங்கள். அந்தக் கோட்டில் வெட்டி, பெரிய அட்டையில் வரைந்து, அட்டையை மறுபடி வண்டியில் வைத்துப் பாருங்கள். அட்டையின் மேல்பக்கத்தில் பெரிதாக "மேல், தலைமாடு" என்று எழுதிவிடுங்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு அட்டையைக் குப்புறப் போட்டு வரைவது. வளைவு எதிர் மூலைக்குப் போய்விடும், ஒரு முழு ஷீட் வீண்.

சுவர் மேலே போகப் போக உள்ளே சரிகிறதா என்றும் பாருங்கள். வேன்களில் பெரும்பாலும் சரியும். பலகை மட்டத்தில் ஒரு அளவு, 6 அங்குலம் மேலே ஒரு அளவு என்று இரண்டு எடுத்து, ஃபோமின் மேல்பக்கத்தில் ஒன்றும் அடிப்பக்கத்தில் ஒன்றுமாக வரைய வேண்டும். மூன்று பக்கம் சுவர் உள்ள கட்டிலுக்கு, விரிப்பைச் செருக இடம் வேண்டும் என்பதால் அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள்.

கத்தரிக்கோல் வேண்டாம், அமுக்கி வெட்டுவதால் விளிம்பு உள்வாங்கும். பற்கள் உள்ள நீளமான ரொட்டிக் கத்தியோ, முழு நீளத்துக்கு வெளியே தள்ளிய பெரிய கட்டர் பிளேடோ போதும். ஷீட்டின் வெட்டுக்கோடு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி வைத்து, பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே மூச்சில் அறுக்காமல் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக ஆழம் கூட்டுங்கள். சூடாக்கிய கம்பியால் வெட்டச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். எரியும் பி.யூ. (பாலியூரித்தேன், அதாவது சாதாரண மெத்தை) ஃபோமின் புகை விஷம்.

உறையை ஃபோமைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் சிறிதாகத் தைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருக்கமில்லாமல் இழுத்து நிற்கும். ஜிப் நைலானாக இருக்க வேண்டும். உலோக ஜிப் ஒரு மழைக்காலத்தில் இறுகிவிடும். நீளப் பக்கத்தில் ஆரம்பித்து இரண்டு மூலையையும் சுற்றி வருகிற ஜிப் போட்டால்தான் ஃபோமை மடக்காமல் உள்ளே நுழைக்க முடியும். உறையின் அடித்துணி மட்டும் வலைத்துணியாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வண்டியில் தனிக் கட்டில் இல்லை. இரண்டு பக்க சீட்டுக்கு நடுவில் மேசையை இறக்கி, சாய்வு மெத்தைகளை அடுக்கினால் கட்டிலாகும். இடுக்குகள் முதுகில் குத்துகின்றன. இரவில் துண்டுகள் விலகியும் விடுகின்றன.
- வாசகி, குழித்துறை

பதில்: முதலில் மட்டம் பாருங்கள். இறக்கிய மேசையும் இரண்டு பக்கத்துச் சீட்டுப் பலகையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கால் அங்குல வித்தியாசம்கூட முதுகுக்குத் தெரியும். மேசை தாழ்ந்திருந்தால் அது உட்காரும் கட்டையின் மேல் மெல்லிய ரீப்பர் அடித்து உயர்த்துங்கள்.

சாய்வு மெத்தைகளைப் பெரும்பாலும் மெத்தென்ற ஃபோமில் செய்திருப்பார்கள், சாய்ந்துகொள்ள அது போதும். அதைப் படுக்கையின் நடுவில் போட்டால் இடுப்பு அங்கேதான் வரும், அமுங்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே 40 டென்சிட்டி கெட்டி ஃபோமில், ஒரே 4 அங்குல உயரத்தில் மாற்றுங்கள். துண்டுகள் விலகாமல் இருக்க அடியில் ரப்பர் வலை விரிப்பும், பக்கவாட்டில் வெல்க்ரோவும் போதும். எல்லாவற்றுக்கும் மேலே 2 அங்குல உயரத்தில் ஒரே துண்டாக ஒரு மேல்மெத்தை. பகலில் சுருட்டிப் பட்டை கட்டி வைத்துவிடலாம். இறுக்கிச் சுருட்டி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், எழாது. வாக்குவம் பேக்கில் வரும் மெத்தைக்கும் இதே விதி. வாங்கியதும் பிரித்து, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே விரித்துவிடுங்கள்.

ரெக்சின் உறை சீட்டுக்குச் சரி, படுக்க வியர்க்கும். ஒரு பக்கம் ரெக்சின், மறுபக்கம் துணி என்று தைத்துக்கொண்டால் பகலில் ஒரு பக்கம், இரவில் ஒரு பக்கம். வண்டி ஓடும்போது குழந்தைகளை அதில் படுக்க விடாதீர்கள். சடன் பிரேக்கில் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: மெமரி ஃபோம் மேல்மெத்தை வாங்கினோம். நாகர்கோவிலில் இதமாக இருந்தது, கொடைக்கானலில் பலகைபோல் இருந்தது. ஏமாந்துவிட்டோமா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: ஏமாறவில்லை. அதன் குணமே அது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். பனிக்கால இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் அது கெட்டியாகவே கிடக்கும். உடல் சூடு ஏறிய பிறகுதான் இறங்கும். படுப்பதற்கு அரை மணி முன்பு சுடுநீர்ப் பை ஒன்றை இடுப்பு, தோள் வரும் இடங்களில் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். மலைப்பயணம் அதிகம் என்றால் அடுத்த முறை லேடெக்ஸ் மேலடுக்கு எடுங்கள். அது குளிரில் அவ்வளவு மாறாது.

கேள்வி: நாங்கள் ஆழ்கடல் படகில் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். படுக்கும் தட்டு 6 அடிக்கு 2 அடி. எந்த மெத்தை போட்டாலும் ஊறிப்போகிறது, டீசல் வாடை ஏறுகிறது. என்ன போடலாம்?
- வாசகர், தூத்தூர்

பதில்: சாதாரண பி.யூ. ஃபோம் உங்களுக்கு ஆகாது. அதன் கண்கள் திறந்தவை, கடல்தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளும். லேடெக்ஸும் ஆகாது, டீசல் பட்டால் ரப்பர் உப்பிக் கெடும். மூடிய கண் உள்ள இ.பி.இ. அல்லது எக்ஸ்.எல்.பி.இ. (இரண்டும் பாலித்தீன் ஃபோம்) ஷீட் கேளுங்கள். தண்ணீர் உள்ளே போகாது, துடைத்தால் காய்ந்தது. 2 அங்குலம் அதைப் போட்டு, மேலே 1 அங்குலம் மட்டும் எச்.ஆர். ஃபோம் வையுங்கள். அந்த ஒரு அங்குலம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும், செலவு குறைவு.

உறை தடித்த ரெக்சினாக, அடிப்பக்கம் வலைத்துணியாக இருக்க வேண்டும். மேல்பக்கத்தில் தையல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் இறங்குவது ஊசித்துளை வழியாகத்தான். ரெக்சின் மேல் நேரடியாகப் படுத்தால் முதுகு வேர்த்துப் புண்ணாகும். மேலே ஒரு பருத்தித் துண்டு விரியுங்கள். தட்டின் பலகையில் மேலே சொன்ன துளைகளைப் போட்டு, மெத்தை நழுவாதிருக்க முன் விளிம்பில் 4 அங்குலத் தடுப்புப் பலகை அடியுங்கள். கரைக்கு வந்ததும் உறையைக் கழற்றிக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். ஃபோம் தனியாகவும் உறை தனியாகவும் காய வேண்டும். இரண்டும் காய்ந்த பிறகே ஒன்றுக்குள் ஒன்றைப் போடுங்கள்.